புல்வெட்டி வண்டிக்கு முன்பக்க லோடர்: எடைக் கணக்கு முதல் முதல் பக்கெட் மண் வரை

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு லோடர் (முன்னால் பக்கெட்டில் மண் அள்ளித் தூக்கும் கருவி) கட்டலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தூக்கும்?" என்பதுதான். எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரைக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் தூக்குவேன் என்று சொல்லும். 40 மி.மீ. உள்விட்டமுள்ள இரண்டு சிலிண்டர்கள் 100 பார் அழுத்தத்தில் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை டன் விசையில் தள்ளும். புல்வெட்டியின் முன் ஆக்சில் அதில் சிறு பங்கைக்கூடத் தாங்காது. அதனால் இந்த வேலையை முன் ஆக்சிலில் இருந்து தொடங்க வேண்டும். அது எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்த பிறகுதான் பக்கெட்டின் அளவு, அதைத் தூக்கும் லோடர் கையின் நீளம், எண்ணெய் அழுத்தம் எல்லாம்.

இந்த வழிகாட்டி 100 கிலோ மண் தூக்கும் லோடரை வைத்து எழுதப்பட்டது. கையால் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி மண்ணுக்குச் சற்றுக் கூடுதல். குறைவாகத் தெரியலாம். ஆனால் வண்டி உடையாமல் பல வருடம் உழைக்க வேண்டுமென்றால் இந்த வகுப்பு வண்டிக்கு இதுதான் நியாயமான அளவு.

எந்த வண்டி சரிவரும்

ஸ்டீயரிங் வீல் உள்ள, கனமான சேசிஸ் உள்ள வண்டியாக இருக்க வேண்டும். முன் ஆக்சில் வார்ப்பிரும்பிலோ கனத்த இரும்புக் குழாயிலோ செய்யப்பட்டிருக்க வேண்டும். வளைத்த தகட்டு ஆக்சில் என்றால் அதை மாற்றாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் ஜீரோ டர்ன் வண்டி வேண்டவே வேண்டாம். அதன் முன்சக்கரங்கள் தானாகச் சுழலும் காஸ்டர் சக்கரங்கள், பாரம் சுமக்கப் பிறந்தவை இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த வண்டியில் ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் பின்சக்கரங்களால்தான். முன்னால் பாரம் ஏறி பின்பக்கம் லேசாகும்போது மூன்றும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும். போதாததற்கு இரண்டு கையும் இரண்டு லீவரில் இருக்கும், லோடர் லீவரைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் வண்டிகள் லோடருக்கு அருமையானவை. முன்னும் பின்னும் போவது ஒரே பெடலில் முடிகிறது, கிளட்ச் தேயும் கவலை இல்லை. ஆனால் அந்த டிரான்ஸ்ஆக்சில் (கியரும் பின் ஆக்சிலும் சேர்ந்த பெட்டி) கனரக வகையா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். புல் வெட்டுவதற்கு மட்டும் என்று வடிவமைத்த லேசான வகை, மண் குவியலில் முட்டித் தள்ளும்போது சூடேறிப் போகும்.

காகிதத்தில் எடை

இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு வெல்டிங் இயந்திரத்தை எடுக்கத் தோன்றும். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஓர் உதாரணம். வெட்டும் டெக்கை (பிளேடுகள் உள்ள அடிப்பெட்டி) கழற்றிய வண்டி 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சிலில் 140, பின் ஆக்சிலில் 210. இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 1,200 மி.மீ. பக்கெட்டின் எடை 40, அதில் மண் 100, ஆக 140 கிலோ. பக்கெட் தரையோரம் இருக்கும்போது அந்தப் பாரத்தின் மையம் முன் ஆக்சிலிலிருந்து 700 மி.மீ. முன்னால் இருக்கிறது.

இப்போது முன் ஆக்சில் மீது கூடுதலாக விழுவது 140 கிலோ அல்ல. 140 × (1,200 + 700) ÷ 1,200, அதாவது 222 கிலோ. மிச்சமுள்ள 82 கிலோ பின் ஆக்சிலில் இருந்து பிடுங்கப்படுகிறது. கை உயர்ந்து கிடைமட்டமாக வரும்போது பாரம் இன்னும் முன்னே தள்ளிப் போய் 1,000 மி.மீ. ஆகிவிடும். அப்போது முன்னால் 257 ஏறும், பின்னால் 117 குறையும். மோசமான கட்டம் இதுதான். கை உச்சிக்குப் போனதும் பாரம் கொஞ்சம் பின்னால் வந்துவிடும், ஆனால் உயரம் கூடிவிட்டதால் வண்டி பக்கவாட்டில் சாய்வதற்கு அது போதும்.

இதோடு கைகளைத் தாங்கும் தூண்களும் அவை நிற்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமும் 50 கிலோ, கைகளும் சிலிண்டர்களும் 45, ஓட்டுபவர் 80 என்று சேர்த்துக் கணக்குப் போட்டால், கை கிடைமட்டமாக இருக்கும்போது முன் ஆக்சிலில் சுமார் 470 கிலோ, பின் ஆக்சிலில் 195 கிலோ வருகிறது. முதலில் 140 கிலோ சுமந்த ஆக்சில் இப்போது மூன்று மடங்குக்கு மேல் சுமக்கிறது. இது நின்றபடி உள்ள கணக்கு. பள்ளத்தில் குதித்தால் அந்த ஒரு நொடியில் இரட்டிப்பாகும்.

இதற்கு மருந்து பின்னால் கட்டும் எதிர் எடை. பின் ஆக்சிலுக்கு 500 மி.மீ. பின்னால் 100 கிலோ தொங்கவிட்டால் பின் ஆக்சிலுக்கு 142 கிலோ கிடைக்கும், முன் ஆக்சிலில் இருந்து 42 கிலோ இறங்கும். இப்போது முன்னால் 430, பின்னால் 335. வண்டி நிற்கும், பிரேக் பிடிக்கும், டயர் பிடிப்பு இருக்கும். பின் டயர்களில் வால்வு மேலே இருக்கும் நிலையில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவதும் நல்ல வழி. அந்த எடை நேரே தரைக்குப் போகும், ஆக்சில் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அது முன் ஆக்சிலின் சுமையைக் குறைக்காது. அதைக் குறைக்க ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளித் தொங்கும் எடைதான் வேண்டும்.

உங்கள் வண்டியின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தராசில் ஏற்றி எடை பார்த்துக்கொள்ளுங்கள், உத்தேசமாகப் போடாதீர்கள். முன் ஆக்சிலுக்கு வரும் எண்ணில் பாதி, ஒரு முன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் தாங்கும் அளவைத் தாண்டினால் ஆறு ப்ளை (அடுக்கு) டயர் போடுங்கள். முன்சக்கரத்தில் சாதாரண புஷ் இருந்தால் பால் பேரிங்காக மாற்றுங்கள். ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் தண்டு) மெலிதாக இருந்தால் கனத்த ஸ்பிண்டில் கடைந்து போடுங்கள். ஆக்சில் நடுவில் ஆடும் பின்னும் (pin, அச்சாணி) அதன் துளையும் தேய்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், பாரம் முழுவதும் அந்த ஒரு பின்னில்தான் உட்காரப் போகிறது.

தரையில் வரைந்து பாருங்கள்

வண்டியைப் பட்டறைத் தரையில் நிறுத்தி, பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். கைக்குப் பதில் ஒரு மரச்சட்டம், சுழலும் இடத்தில் ஒரு ஆணி, சிலிண்டருக்குப் பதில் அளவு நாடா. சட்டத்தைச் சுழற்றச் சுழற்ற, நாடாவில் நீளம் எவ்வளவு மாறுகிறது, பக்கெட் பானெட்டில் இடிக்கிறதா, டயர் திரும்ப இடமிருக்கிறதா என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். கணினியில் வரையத் தெரிந்தவர்களும் இதை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

நம் உதாரண வண்டிக்கு இந்த அளவுகள் பொருந்தும். கை சுழலும் பின் தரையிலிருந்து 1,050 மி.மீ. உயரம், முன் ஆக்சிலுக்கு 750 மி.மீ. பின்னால். கையின் நீளம், சுழலும் பின்னிலிருந்து பக்கெட் மாட்டும் பின்வரை, 1,500 மி.மீ. கீழே இறங்கும்போது பக்கெட் பின் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் நிற்கும். மேலே போகும்போது கையைக் கிடைமட்டத்துக்கு 20 டிகிரி மேலே நிறுத்திவிட்டால் பின் ஏறக்குறைய 1,560 மி.மீ. உயரத்துக்கு வரும். சிறிய டிரெய்லரில் கொட்ட அது தாராளம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

சிலிண்டர் பூட்டும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். 300 மி.மீ. ஓட்டமுள்ள சிலிண்டர் மூடியிருக்கும்போது 300 மி.மீ. இருக்காது. முனைகள், பிஸ்டன், மூடி எல்லாம் சேர்ந்து சுமார் 500 இருக்கும், முழுக்க நீண்டால் 800. சிலிண்டரின் அடியைத் தூணில் நேர் கீழே பூட்டினால் இந்த விகிதம் ஒத்துவராது, கை கீழே இறங்கும் முன்பே சிலிண்டர் மூடிக்கொள்ளும். அடிப்பின்னைச் சற்றுப் பின்னால் தள்ள வேண்டும். கை சுழலும் பின்னிலிருந்து 435 மி.மீ. கீழே, 115 மி.மீ. பின்னே. கையில் பூட்டும் இடம் சுழலும் பின்னிலிருந்து 450 மி.மீ. தூரம். இப்படி வைத்தால் மூடிய நீளம் 503, திறந்த நீளம் 798 வருகிறது, ஓட்டம் 295. 300 மி.மீ. சிலிண்டர் அப்படியே உட்காரும். வாங்கப்போகும் சிலிண்டரின் மூடிய நீளத்தை அளந்து, இந்தப் புள்ளிகளை ஐந்து பத்து மி.மீ. நகர்த்திக்கொள்ளுங்கள்.

சப்ஃப்ரேம்

புல்வெட்டியின் சேசிஸ் பெரும்பாலும் மூன்று நான்கு மி.மீ. தகட்டை வளைத்துச் செய்தது. அதில் நேரடியாகத் தூணை வெல்ட் செய்தால், சில மாதங்களில் வெல்டை ஒட்டிய ஓரத்தில் மயிரிழை விரிசல் கிளம்பும். லோடரின் விசை சேசிஸின் ஒரே இடத்தில் இறங்கவே கூடாது, முன்னிருந்து பின்வரை பரவ வேண்டும்.

அதற்காக 75 × 50 × 5 மி.மீ. செவ்வகக் குழாயில் இரண்டு நீண்ட உத்திரங்களை, சேசிஸின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஓடவிடுங்கள். முன் முனை சேசிஸின் மூக்கில், பின் முனை பின் ஆக்சிலைத் தாங்கும் சேசிஸ் பகுதியில். டிரான்ஸ்ஆக்சிலின் அலுமினிய உறையில் எதையும் பூட்ட வேண்டாம், அது வெடித்துவிடும். எல்லாம் 8.8 தரமுள்ள எம்12 போல்ட்டால், உள்பக்கம் 8 மி.மீ. தகடு கொடுத்து இறுக்குங்கள். போல்ட் என்றால் நாளை கழற்றி மறுபடி புல் வெட்டவும் போகலாம்.

தூண்கள் இந்த உத்திரத்தின் மேல் நிற்கும், டேஷ்போர்டுக்குப் பக்கத்தில், ஓட்டுபவரின் முழங்காலுக்குச் சற்று முன்னால். இரண்டு தூண்களையும் எஞ்சினுக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணையுங்கள். முன்னால் பானெட்டைச் சுற்றி ஒரு காப்புக் கம்பி இன்னொரு இணைப்பாகும். ஒவ்வொரு தூணிலிருந்தும் பின்நோக்கிச் சாய்வாக ஒரு தாங்கல் பின் முனைவரை போக வேண்டும். குவியலில் முட்டும் விசை இதன் வழியாகத்தான் பின் ஆக்சிலுக்குப் போகிறது. சீட்டில் உட்கார்ந்து காலை உள்ளே வெளியே எடுத்துப் பாருங்கள். அவசரத்தில் இறங்க வழியில்லாத தூண் எவ்வளவு பலமாக இருந்தாலும் சரியான தூண் இல்லை.

கைகளும் பின்களும்

கைக்கும் அதே 75 × 50 × 5 குழாய் போதும், 75 மி.மீ. பக்கம் செங்குத்தாக. மீட்டருக்குச் சுமார் 9 கிலோ. பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் கல்லில் மாட்டிக்கொண்டு முழு விசையும் ஒரே கையில் ஏறினாலும், நாம் வைக்கப்போகும் எண்ணெய் அழுத்தத்தில் இந்தக் குழாய் வளையாது. இன்னும் கனமாகப் போடத் தோன்றும். போட்டால் கூடும் ஒவ்வொரு கிலோவும் முன் ஆக்சிலில்தான் உட்காரும்.

இரண்டு கைகளையும் பக்கெட்டுக்குப் பின்னால் 76 அல்லது 89 மி.மீ. வட்டக் குழாயால் இணையுங்கள். முறுக்கைத் தாங்குவது இந்தக் குழாய்தான், அதற்கு வட்ட வடிவமே சிறந்தது. இது இல்லாத லோடரில் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக நாளடைவில் கோணிப்போகும்.

பின்களுக்கு 25 மி.மீ. கார்பன் ஸ்டீல் கம்பி. பின்னைத் தாங்கும் காதுத் தகடுகள் 10 மி.மீ. ஒவ்வொரு சுழலும் இடத்திலும் புஷ், ஒவ்வொரு புஷ்ஷிலும் கிரீஸ் நிப்பிள். வெல்ட் சூட்டில் புஷ் சுருங்கும், அதனால் கொஞ்சம் தளர்வாக வைத்து, வெல்ட் செய்த பிறகு ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த வேலையில் மிகுந்த பொறுமை கேட்கும் இடம் நேர்கோடு. இடது கையின் பின்னும் வலது கையின் பின்னும் ஒரே அச்சில் இல்லாவிட்டால் கை ஏறும்போது இறுகி, இறங்கும்போது கிறீச்சிடும். இரு பக்கத்துப் புஷ்களிலும் நுழையும்படி ஒரே நீளக் கம்பியை ஊடாக விட்டு, கம்பி உள்ளே இருக்கும்போதே காதுகளைப் புள்ளி வெல்ட் வையுங்கள். கம்பியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இரு விரலால் சுழன்றால் சரி. பிறகு இடம் ஒரு பக்கம் வலம் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக வெல்ட் ஓட்டுங்கள், ஒரே மூச்சில் ஓட்டினால் சூடு இழுத்துக் கோணலாக்கிவிடும்.

எல்லாம் புள்ளி வெல்டில் இருக்கும்போதே வண்டியில் பூட்டி, செயின் பிளாக்கால் கைகளைக் கீழிருந்து மேல்வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இடிக்கும் இடம் இருந்தால் இப்போதே கிரைண்டரால் வெட்டி நகர்த்திவிடலாம். முழு வெல்டுக்கு இ7018 ராடு நல்லது, ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். வண்டியில் வைத்து வெல்ட் செய்ய நேர்ந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்ட் செய்யும் துண்டிலேயே மாட்டுங்கள். மின்சாரம் டிரான்ஸ்ஆக்சில் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெட்டுவிடும்.

பக்கெட்

அகலம் முன் டயர்களின் வெளி ஓரத்தை மூட வேண்டும், 1,000 மி.மீ. போதும். ஆழம் 400, பின்சுவர் உயரம் 330 வைத்தால் மட்டமாக நிரப்பியபோது சுமார் 0.066 கன மீட்டர் பிடிக்கும். ஈர மண் கன மீட்டருக்கு 1,700 கிலோ என்று வைத்தால் 112 கிலோ. கம்போஸ்ட், இலைச் சருகு போன்ற லேசான பொருளுக்குப் பெரிய பக்கெட் வேண்டுமென்று தோன்றும், ஆனால் ஒருநாள் யாராவது அதில் மண் அள்ளுவார்கள். அளவைக் கூட்டாதீர்கள். தகடு 4 மி.மீ., வெட்டும் விளிம்புக்கு 75 × 12 மி.மீ. பட்டை.

ஹைட்ராலிக்

தூக்கும் சிலிண்டர் இரண்டு: 40 மி.மீ. உள்விட்டம், 25 மி.மீ. ராடு. பக்கெட்டைக் கவிழ்க்க ஒன்றோ இரண்டோ, அதே உள்விட்டம், 250 மி.மீ. ஓட்டம்.

அழுத்தம் வரம்பைத் தாண்டாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வை 60 முதல் 65 பாருக்குள் வையுங்கள். நம் அளவுகளில், கை உச்சியில் இருக்கும்போது 65 பாரில் பக்கெட், கை எல்லாம் கழித்து சுமார் 140 கிலோ தூக்கும். தேவைக்கு மேலேயே இருக்கிறது. இதையே 100 பாருக்கு ஏற்றினால் 250 கிலோ தூக்கும், முன் ஆக்சில் அதற்குச் சம்மதிக்காது. பெரிய கல்லை அசைக்க முயன்று லோடர் அசையாமல் நின்றால் அது பழுது இல்லை, ரிலீஃப் வால்வு உங்கள் ஆக்சிலைக் காப்பாற்றுகிறது. அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும், தொடாதீர்கள்.

பம்ப்புக்கு 3 சிசி கியர் பம்ப் போதும். 3,000 சுற்றில் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வரும். இரண்டு சிலிண்டரும் நிரம்ப முக்கால் லிட்டர் எண்ணெய், ஆகவே ஆறு நொடிக்குள் கை மேலே போகும். எஞ்சினிலிருந்து எடுக்கும் சக்தி ஒன்றரைக் குதிரைத்திறன்தான்.

பம்ப்பை ஓட்டுவது எப்படி என்பதுதான் கடினம். பெரும்பாலான புல்வெட்டி எஞ்சின்களின் தண்டு கீழ்நோக்கி இருக்கும். டெக்கைக் கழற்றியதும் டெக் பெல்ட் ஓடிய புல்லி சும்மா இருக்கும், அதிலிருந்து பெல்ட் எடுக்கலாம். ஆனால் சாதாரண கியர் பம்ப்பின் தண்டில் நேரே புல்லி மாட்டக் கூடாது, பெல்ட்டின் பக்க இழுப்பு அதன் உள் புஷ்ஷைத் தின்றுவிடும். இரண்டு பேரிங்கில் சுழலும் தனித் தண்டில் புல்லியை மாட்டி, அதைக் கப்ளிங்கால் பம்ப்போடு இணையுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். சில வண்டிகளில் ரிவர்ஸ் போட்டால் பிளேடு கிளட்ச் தானாக அணையும், அப்போது பம்ப்பும் நிற்கும். பாதுகாப்பு சுவிட்சுகளை ஏமாற்றாமல் எஞ்சினின் வேறு முனையிலிருந்து ஓட்ட வழி பாருங்கள். 12 வோல்ட் மின் பவர் பேக் இன்னொரு தேர்வு. பூட்டுவது எளிது, ஆனால் அது 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வண்டியின் சார்ஜிங் அதற்கு ஈடுகொடுக்காது. அவ்வப்போது நாலு பக்கெட் அள்ளுபவர்களுக்கு மட்டும் சரி.

ஹைட்ரோஸ்டாட்டிக் கியரின் எண்ணெயிலிருந்து குழாய் எடுக்காதீர்கள். அந்த எண்ணெயில் அழுக்குப் போனால் முழு டிரான்ஸ்ஆக்சிலும் போகும்.

மற்றவை வேகமாக: 12 முதல் 15 லிட்டர் டேங்க், வெப்பமான இடத்தில் ஐஎஸ்ஓ விஜி 46 எண்ணெய், குளிரான இடத்தில் 32. திரும்பும் குழாயில் 25 மைக்ரான் ஃபில்டர். உறிஞ்சும் குழாய் 19 மி.மீ., அழுத்தக் குழாய் 10 மி.மீ. ஓப்பன் சென்டர் வகை (லீவரைத் தொடாதபோது எண்ணெயை டேங்குக்கே திருப்பும்) இரட்டை ஸ்பூல் வால்வு, அதாவது இரண்டு லீவர் உள்ளது, தூக்கும் ஸ்பூலில் ஃப்ளோட் நிலை இருந்தால் தரையை நிரவும்போது பக்கெட் மேடுபள்ளத்தைத் தானே தொடரும். குழாய்களைக் கை முழுக்க ஏறிய நிலையிலும் இறங்கிய நிலையிலும் வைத்து நீளம் பாருங்கள்.

முதல் ஓட்டம்

காலிப் பக்கெட்டோடு கையை இருபது முறை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், காற்று வெளியேறும். டேங்கில் எண்ணெய் குறைந்திருக்கும், நிரப்புங்கள். கசிவு தேடும்போது கையை வைக்கவே கூடாது. ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் மேல் நகர்த்திப் பாருங்கள், கசிந்தால் அட்டை நனையும். தோலில் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

அடுத்து எதிர் எடையைக் கட்டி, ஐம்பது கிலோவோடு ஒரு சுற்று, பிறகு நூறு கிலோவோடு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சக்கரங்களை மறுபடி தராசில் ஏற்றி, காகிதக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

ஓட்டும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரக் கூடாது. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முறுக்காதீர்கள், உருளும்போது திருப்புங்கள். சரிவில் பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். இந்த வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான், பக்கெட்டை முன்னால் வைத்து இறங்கினால் பின்சக்கரம் லேசாகி பிரேக் இல்லாமல் போகும்.

இந்த லோடரில் பக்கெட் தானாக மட்டம் பார்க்காது. கை 57 டிகிரி ஏறும்போது பக்கெட்டும் அதே 57 டிகிரி பின்னால் சாயும். நன்றாகச் சுருட்டி அள்ளிய பக்கெட்டை அப்படியே மேலே ஏற்றினால், உருண்டை மரக்கட்டையோ கல்லோ கை வழியாக உருண்டு நேரே உங்கள் மடிக்கு வரும். ஏற்றும்போதே இன்னொரு லீவரால் பக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்க்கப் பழகுங்கள். காலி பக்கெட்டில் இது கைப்பழக்கமாகும் வரை உருளும் பொருள் எதையும் தூக்காதீர்கள்.

உயர்ந்த கைக்கு அடியில் வேலை செய்ய வேண்டியிருந்தால், சிலிண்டர் ராடைச் சுற்றிக் கவ்வும் இரும்புக் கோண முட்டு ஒன்றைச் செய்து பூட்டிய பிறகே குனியுங்கள். குழாய் வெடித்தால் கை விழ ஒரு நொடி ஆகாது.

முதல் ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் சில தளர்ந்திருக்கும். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். தூணின் அடி, சிலிண்டர் காதுகள், முன் ஆக்சிலின் நடுப்பின் ஆகிய மூன்று இடங்களையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் நேர்க்கோடாகத் துரு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேலேயே வெல்ட் ஓட்டாமல், விரிசல் முடியும் இடத்தில் ஒரு துளை போட்டு, முழுக்கக் கடைந்தெடுத்து, புதிதாக நிரப்பி, அந்த இடத்துக்கு விசை ஏன் வந்தது என்று பார்த்துத் தாங்கல் கொடுங்கள்.